ஓய்வு பெற்று எட்டு மாதம்: செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பொன்மலைச்சங்கு

அனைவருக்கும் வணக்கம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 37 வருடம் வேலை பார்த்துவிட்டு, 60 முடிந்து வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. ஃபிட்டராக உள்ளே போனவன் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக மாலை மரியாதையோடு வெளியே வந்தேன். ஊட்டி மலை ரயிலுக்கு எங்கள் பணிமனையிலேயே நீராவி இன்ஜின் கட்டினோம், நினைவிருக்கிறதா? அந்த வேலையில் என் கையும் உண்டு.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. காசி, ராமேஸ்வரம் போய் வந்தோம். வருடக்கணக்கில் போகாத சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனோம். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். நான்காவது மாதம் ஒரு நாள் காலை பத்தே காலுக்கு எல்லா வேலையும் முடிந்துவிட்டது. பேப்பரில் டெண்டர் அறிவிப்பு வரை படித்தாகிவிட்டது. பணிமனைச் சங்கு வீடு வரை கேட்கும். சங்கு ஊதினால் இன்னும் என் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறது.

பென்ஷன் வருகிறது, கடன் இல்லை. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் புனேயில். கோயிலுக்குப் போகிறேன், இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறேன்.

நடைப்பயிற்சி, தியானம், புத்தகம் என்று பட்டியல் போட வேண்டாம், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாவது ஆனவர்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

மாடித்தோட்டம்

வணக்கம் சார். வங்கியிலிருந்து வந்து நான்கு வருடம். 11 மணிக்கு மாடியில் நிற்க முடியாது, வெயில். என் நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை. 11 மணிக்குக் கீழே உட்கார்ந்து விதை பிரித்துக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் மண்புழு உரம் சலிப்பேன்.

முதல் வருடம் ஆர்வத்தில் நாற்பது பை வைத்தேன். மாவுப்பூச்சி வந்து செம்பருத்தியில் தொடங்கி கத்தரி வரை போய்விட்டது. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்க வேண்டும் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. நான் வெயிலில் அடித்து இலையைக் கருக்கினேன். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஆடிப்பட்டத்தில் ஐந்து பை போதும். கத்தரி, வெண்டை, இரண்டு கீரை, ஒரு மிளகாய். செடிக்கு லீவு கிடையாது. ஊருக்குப் போனால் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

கோவை டீச்சர்

ஐயா, நல்ல கேள்வி கேட்டீர்கள். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் பார்வையற்ற இரண்டு கல்லூரி மாணவிகளுக்குப் பாடம் வாசித்துக்கொண்டிருப்பேன். ஒருத்தி வரலாறு, இன்னொருத்தி தமிழ் இலக்கியம்.

இதற்கு வந்த வழி வேறு. முதலில் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் வேலைக்குத்தான் போனேன். மூன்று மணி நேரத் தேர்வென்றால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. ஆக நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். கேள்வியை இரண்டு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது. ஒரு பையன் ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் பேசாமல் இருந்தான். விடை எனக்குத் தெரியும். முப்பது வருடம் விடை சொல்லிக்கொடுத்த வாய் அன்றைக்குச் சும்மா இருக்கப் பட்ட பாடு பெரிது. கடைசியில் அவனே கண்டுபிடித்துச் சொன்னான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், மாணவரே எழுதுபவரைக் கூட்டி வந்தால் அவருடைய படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. நியாயம்தான். அதனால் என்னைப் போல முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தேர்வு அறையில் இடம் குறைவு. ஆனால் வாசிப்பதற்கு அந்தத் தடை எதுவும் இல்லை. பாடப் புத்தகத்தைத் தெளிவாக, அத்தியாயம் அத்தியாயமாகப் பதிவு செய்து கொடுப்பதற்கு ஆள் போதவில்லை. வரைபடம் வந்தால் அதைச் சொல்லில் கொண்டுவர வேண்டும். "படத்தில் காட்டியபடி" என்று வாசித்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? ஒரு வரைபடத்தை விளக்க எனக்குச் சில நாள் அரை மணி நேரம் ஆகிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். "நேரம் கிடைக்கும்போது வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். கிழமையும் மணியும் சொல்லுங்கள். நான் ஒரு செவ்வாய் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகள் போன் செய்துவிடுவார்கள். வேலையில் இருந்தபோது மணி அடித்தால் வகுப்புக்குப் போவோம் அல்லவா, எனக்கு அது திரும்பக் கிடைத்தது.

நெல்லைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

31 வருடம் பேருந்து ஓட்டினேன். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து அன்றைய முதல் சிங்கிள் நடை எடுத்தவன். தீபாவளி, பொங்கல் எல்லாம் ஸ்டியரிங்கில்தான் போனது. எந்த நிமிடமும் யாராவது எனக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஐம்பது பேர் முகம் சுளிப்பார்கள். டீச்சரம்மா சொல்கிற அந்த மணி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு நான் குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பேன். தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் எந்த அளவு போகிறது, நாரை எத்தனை நிற்கிறது, யார் புதிதாக வந்திருக்கிறார். அவ்வளவுதான். சில நாள் யாரோடும் பேசுவதில்லை. ஏழு வருடம் ஆகிறது, சலிக்கவில்லை.

ஓய்வு பெற்றவன் ஏதாவது உபயோகமாகச் செய்தே ஆக வேண்டுமா என்ன? உழைத்த உடம்புக்குச் சும்மா இருக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பொன்மலை அண்ணனுக்கு நான் கேட்பது இதுதான். உங்களுக்கு வேலை இல்லாதது கஷ்டமாக இருக்கிறதா, வேலை இல்லாதவன் என்று மற்றவர்கள் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறதா?

பொன்மலைச்சங்கு

நெல்லை அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். மற்றவர்கள் பார்வை இல்லை. என் கை சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் நான் படித்துறைச் சங்கிலி துருப்பிடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நேற்று பக்கத்து வீட்டுக் கேட் கீச்சிட்டது, எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது.

அடையாற்று ஆலமரம்

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனை எல்லாரும் அறிவீர்கள். ஐ.ஏ.எஸ். வேலையை 1980-ல் அவராகவே விட்டார். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003-ல் வந்தபோது அவருக்கு 70 தாண்டிவிட்டது. தியடோர் பாஸ்கரன் தமிழகத்தின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக இருந்து 1998-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு காட்டுயிர் பற்றி அவர் தமிழில் எழுதியதைப் படித்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் இரண்டு பேரும் வேலையில் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட்டார்கள். 60-ல் திடீரென்று முளைத்த ஆர்வம் இல்லை அது. அதனால் அவர்களைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். ஏற்கெனவே கையில் இருப்பதிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

என் விஷயம் சின்னது. இணையத்தில் இலவச நூலகமாக இருக்கும் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்களைப் படமாக ஏற்றியிருப்பார்கள். பக்கத்தில் கணினி படித்த எழுத்து இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நான் ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் மஞ்சளாக்குவேன், அதற்கு மேல் கண் வலிக்கும்.

இதில் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, றா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். கணினி அங்கேதான் தடுமாறுகிறது. இளைஞர்களும் தடுமாறுகிறார்கள். நாம் ஆரம்பப் பள்ளியில் அந்த யானைத் தும்பிக்கை ணையையும் லையையும் எழுதிப் பழகியவர்கள். நமக்கு அது கண்ணுக்குப் பட்டவுடன் புரியும். இன்னும் இருபது முப்பது வருடத்தில் அப்படிச் சரளமாகப் படிக்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள். எனக்கு அந்த அவசரம் உண்டு.

சமையலறைச் சன்னல்

எல்லாரும் ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், டீச்சரம்மாவைத் தவிர. நான் புதுக்கோட்டை. இவர் ஓய்வு பெற்று மூன்று வருடம். மாநில அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்தது, 2020-ல் 59 ஆக்கினார்கள், மறு வருடம் 60 ஆக்கினார்கள். சமையலறைக்கு அப்படி ஒரு வயது யாரும் போட்டதில்லை.

இவர் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் மூன்று டீ ஆறு டீ ஆனது. காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டு வரை எனக்கென்று ஒரு நேரம் இருந்தது, முப்பது வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த நேரம். அது போனது. டப்பாக்களைப் பெரியது சிறியது என்று அடுக்கி வைத்து, எனக்கு உளுந்து எங்கே என்று தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன். அவருக்கு ஏன் என்றே புரியவில்லை. பாவம், அவர் உதவிதான் செய்ய நினைத்தார்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். செவ்வாயும் வெள்ளியும் மதியச் சமையல் முழுக்க அவருடையது. காய் வாங்குவதிலிருந்து அடுப்பு துடைப்பது வரை. நான் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன். முதல் மாதம் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது, சாப்பிட்டோம். இப்போது வத்தக்குழம்பு என்னைவிட நன்றாக வைக்கிறார். ஆகவே செவ்வாய் 11 மணிக்கு அவர் சமையலறையில், நான் வெளியே.

வெளியே என்றால், தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஏழு பெண்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறேன். எல்லாரும் ஐம்பதைக் கடந்தவர்கள். 1991-92-ல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டராக இருந்தவள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அறிவொளியோடு சேர்த்துவிட்டார். தாவணி பறக்க நான் சைக்கிள் மிதித்துப் போய் அரிக்கேன் விளக்கில் பாடம் நடத்தினேன். கல்யாணம் ஆனதும் எல்லாம் நின்றது. முப்பது வருடம் கழித்து, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலர் தேவை என்று பள்ளியில் சொன்னார்கள். கை தூக்கினேன். சம்பளம் கிடையாது. வங்கியில் கைநாட்டு வைத்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் காட்டினாள் பாருங்கள், அது போதும்.

பொன்மலை ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்லலாமா? நான் போகிற பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. ஒரு வருடத்தில் பாதி சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பிரேக் பிடிக்கவில்லை, செயின் கழல்கிறது. சரிசெய்யக் காசு இல்லாமல் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும். இன்ஜின் கட்டிய கைக்கு சைக்கிள் பெரிய விஷயமா?

வைகைக்கரை

அஞ்சல் துறை ஓய்வு, மதுரை. என் வேலை வருடம் முழுக்க இல்லை, நவம்பரில்தான். ஓய்வூதியர்களுக்கு ஆயுள் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பேன். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், அது பலருக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து கருவியில் பதியாது. 2021 கடைசியிலிருந்து முகத்தைக் காட்டியே எடுக்கலாம் என்று வந்துவிட்டது. நல்ல வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் போதும். போன வருடம் அறுபத்திரண்டு பேருக்கு எடுத்தேன். படுக்கையில் இருந்த என் பழைய போஸ்ட் மாஸ்டரும் அதில் ஒருவர். என்னைப் பார்த்ததும் "சார்ட்டிங் முடிந்ததா?" என்று கேட்டார், கடிதம் பிரிக்கும் வேலையைத்தான்.

சென்னை மகள்

நான் ஓய்வு பெற்றவள் இல்லை, என் வயது 34. அப்பா ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. காலை முதல் இரவு வரை போனில் வீடியோ. சாப்பிடும்போதும் போன். "ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று சொன்னால் கோபம் வருகிறது. வரைய கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தேன், பிரிக்கவே இல்லை. அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டுத் தமிழன்

மகளே, கலர் பென்சில் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பது. அப்பாவுக்கு அது வலித்திருக்கும். அவரிடம் உதவி கேள். உனக்கு நிஜமாகவே தேவைப்படுகிற உதவியாக இருக்க வேண்டும், சும்மா அவரை வேலையில் மாட்டிவிட இல்லை. உன் வருமான வரிக் கணக்கோ, வீட்டுப் பத்திரமோ, அவருக்குத் தெரிந்த எதுவாகவும் இருக்கலாம்.

எனக்கு நடந்ததும் அப்படித்தான். மில் வேலை முடிந்து வீட்டில் இருந்தேன். நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் ஆதரவுச் சிகிச்சை கேரளத்தில் பரவலாக உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறியதாகத் தொடங்கிய அமைப்பிலிருந்து ஊர் ஊராகப் பரவியது. பக்கத்துத் தெரு நர்ஸ் அம்மா வந்து, "கட்டிலைத் தூக்க ஆள் இல்லை, வருகிறீர்களா?" என்றார். போனேன். ஐந்து வருடமாகப் புதன்கிழமைதோறும் போகிறேன். நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நான் அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பேன். பல வீடுகளில் நோயாளியை விசாரிப்பார்கள், பார்த்துக்கொள்கிறவரை யாரும் விசாரிப்பதில்லை. என்னை அன்றைக்கு யாராவது "சேவை செய்யுங்கள்" என்று கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். கட்டில் தூக்கக் கூப்பிட்டதால் போனேன்.

சென்னை மகள்

நன்றி ஐயா. நாங்கள் வாங்கப்போகிற இடத்தின் வில்லங்கச் சான்றிதழை அப்பாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பதிவுத்துறையில் இருந்தவர் அவர். இரண்டு மணி நேரம் போனைத் தொடவில்லை. ஒரு பிழையும் கண்டுபிடித்துவிட்டார்!

பொன்மலைச்சங்கு (மூன்று மாதம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, வேலை இருந்தது. இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

புதுக்கோட்டை அம்மா சொன்ன மறுநாளே பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடிதம் கேட்டார், அடையாள அட்டை நகல் கேட்டார், ஓர் ஆசிரியர் எப்போதும் கூட இருப்பார் என்றார். சரியான கேள்விகள், எனக்கு மரியாதை கூடியது. செவ்வாயும் வியாழனும் மாலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை என்று முடிவானது.

முதல் நாள் மூன்று சைக்கிள். நான்காவது வாரம் இருபத்தாறு. பெரும்பாலும் ஒரே கோளாறுகள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். போக்ஸ் கம்பி தளர்ந்து ரிம் கோட்டம் விழுந்திருக்கும். சக்கர நடுவில் உள்ள ஹப்பில் கிரீஸ் காய்ந்து பால்ஸ் குண்டுகள் கரகரக்கும். இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. யாரும் பிரித்துத் துடைத்து ஓவராயில் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நானே செய்தேன். பிறகு பிள்ளைகளைச் செய்ய விட்டேன். ஆறு பேர் தொடர்ந்து வருகிறார்கள், அதில் நான்கு பெண் பிள்ளைகள். கோட்டம் எடுப்பது நுணுக்கமான வேலை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, எங்கே பிரேக்கில் உரசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கக் கம்பியைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று முறுக்க வேண்டும். ஒரே இழுப்பாக முறுக்கினால் ரிம் இன்னொரு பக்கம் போய்விடும். ஒரு பெண் மூன்று நாள் முயற்சி செய்து, நான்காம் நாள் சக்கரம் ஆடாமல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றினாள். பணிமனையில் எத்தனையோ அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது.

நான் கேட்ட கேள்விக்கு என் பதில்: செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு டவுனில் சைக்கிள் உதிரி பாகக் கடையில் நிற்கிறேன், மாலைக்கு வேண்டியதை வாங்க. செலவு மாதம் எண்ணூறு, ஆயிரம் ஆகிறது. என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேர் பங்கு போடுகிறார்கள், ஒருவர் வேலைக்கும் வருகிறார்.

நெல்லை அண்ணாச்சி, நீங்கள் அன்று கேட்காவிட்டால் என் கையைப் பற்றி நான் யோசித்திருக்க மாட்டேன். ஒரு உதவி. டயர் ட்யூபில் காற்று வெளியேறாமல் தடுக்கும் சின்ன ரப்பர் குழாயான வால் ட்யூப் இங்கே கிடைப்பது இரண்டே மாதத்தில் பிசுபிசுத்துக் காற்று இறங்குகிறது. நல்ல ரப்பரில் எங்கே கிடைக்கும்?

நெல்லைக்காரன்

அண்ணே, டவுனில் பழைய சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது, கடைக்காரர் எனக்குப் பழக்கம். நேற்றே கேட்டுவிட்டேன். சுருளாக விற்கிறார், மீட்டர் கணக்கு. பத்து மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். வெயில் படாமல் டப்பாவில் கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள், ஒட்டாது. அடுத்த வாரம் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். வியாழன் மாலைதானே பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள்?